விஐஏ பாசிட்டிவ் என்றால் புற்றுநோயா?

இல்லைங்க. விஐஏ என்பது கருப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கக்கூடுமா என்று பார்க்கும் முதல்கட்டச் சோதனைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் அம்மாவின் சீட்டில் ‘விஐஏ பாசிட்டிவ்’ என்று எழுதியதாலேயே அவருக்குப் புற்றுநோய் என்று ஆகிவிடாது.

கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பாசிட்டிவ். தொற்றோ அழற்சியோ இருந்தாலும் அந்த இடம் வெளுக்கும்.

அடுத்தது கால்போஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது), தேவைப்பட்டால் பயாப்ஸி (சிறு துண்டு சதை எடுத்துப் பரிசோதிப்பது). அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அந்தச் சீட்டோடு கூட்டிப் போங்கள். அம்மா கூச்சப்பட்டால் பெண் மருத்துவரைக் கேளுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்: திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதே சோதனையும் சிகிச்சையும் கொடுத்த ஆய்வில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது.

ஒன்று மட்டும். உறவுக்குப் பின் ரத்தமோ நாற்றத்தோடு வெள்ளைப்படுதலோ இருந்தால் மருத்துவமனை கொடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள்.