கூட்ட அறையில் குரல் ஏன் அறுபடுகிறது?

கேள்வி: எங்கள் அலுவலகக் கூட்ட அறையில் கம்பியில்லா கான்ஃபரன்ஸ் போன் ஒன்றைப் புதிதாக வைத்திருக்கிறோம். அதே அறையில் வைஃபை ரௌட்டரும் புளூடூத் கீபோர்டும் மவுஸும் இருக்கின்றன. பக்கத்து அறையில் பலரும் கம்பியில்லா ஹெட்செட் அணிந்து பேசுகிறார்கள். எங்கள் பேச்சு எதிர்முனைக்கு அரையும் குறையுமாகப் போய்ச் சேருகிறது. சில நேரங்களில் ஸ்பீக்கரில் 'டர்ர், டர்ர்' என்ற ஒலியும் எழுகிறது. இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால், போனை மாற்றுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன், அது எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்பதைக் கையேட்டிலோ, கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலோ பார்த்துவிடுங்கள். அது தெரியாமல் ரௌட்டரை நகர்த்துவதும் மவுஸை அணைப்பதும் வீண் வேலை.

சீட்டில் 'டெக்ட்' (DECT, கம்பியில்லா தொலைபேசிகளுக்கான ஓர் அலைபரப்பு முறை) என்று இருந்தால், உங்கள் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் இதில் பங்கில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஐரோப்பா உள்ளிட்ட பல பகுதிகளில் டெக்ட் கருவிகள் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், அமெரிக்காவில் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இயங்குகின்றன; வைஃபை அந்தப் பக்கமே வருவதில்லை. அப்போது சந்தேகப்பட வேண்டியது பக்கத்து அறை ஹெட்செட்களைத்தான், ஏனெனில் அலுவலக ஹெட்செட்களில் பலவும் அதே டெக்ட் முறையில் இயங்குபவை. ஐரோப்பிய முறையில் 10 அலைவரிசைகள், ஒவ்வொன்றிலும் 12 இருவழிப் பேச்சுகள் என 120 பேச்சுகளுக்கு இடம் உண்டு. அமெரிக்க முறையில் 5 அலைவரிசைகளே என்பதால் அது 60 ஆகிவிடும். ஒலித்தரம் உயர்ந்த அகலப்பட்டை அழைப்பு ஒவ்வொன்றும் வழக்கமாக இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்கிறது என்பதால், ஹெட்செட்கள் நிறைந்த தளத்தில் இந்த எண்ணிக்கை வேகமாகக் கரையும். டெக்ட் கருவி காலியான இடத்தைத் தானே தேடிப் பிடிக்கும் திறனுள்ளதுதான். இடமே இல்லாதபோது அந்தத் திறன் உதவாது. ஹெட்செட்களில் அலைபரப்பு தூரத்தைக் குறைக்கும் அமைப்பு இருந்தால் அதைக் குறைத்து வையுங்கள். ஹெட்செட்களோடு அலைவழி இணையும் மேசைக் கருவிகளான பேஸ் ஸ்டேஷன்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் விலக்கி வையுங்கள்.

சீட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் நிலைமை வேறு. வைஃபை, புளூடூத், கம்பியில்லா மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடிக்கும் இடம் அது. வைஃபை சேனல் ஒன்று ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்வதால், 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தாம் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. புளூடூத்தைப் பலரும் முதலில் குற்றம் சாட்டுகிறார்கள்; அது நியாயமல்ல என்பது என் கருத்து. நொடிக்கு 1600 முறை வரை சேனல் மாறித் தாவும் அது, 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து நெரிசலான சேனல்களைத் தவிர்க்கவும் அறிந்திருக்கிறது. உணவு இடைவேளையில் மட்டும் குரல் அறுந்தால், சுவருக்கு அப்பால் 2450 மெகாஹெர்ட்ஸ் அருகே இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மற்றபடி, கணினிகளின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவதே நல்ல தீர்வு.

போனே வைஃபை வழியாகப் பேசும் வகை என்றால், அலைக்குறுக்கீட்டைவிட வரிசைதான் சிக்கல்: யாரோ பெரிய கோப்பை அனுப்பும்போது உங்கள் குரல் அதன் பின்னால் காத்து நிற்கிறது. ரௌட்டரில் குரலுக்கு முன்னுரிமை தரும் அமைப்பை இயக்கச் சொல்லுங்கள்.

'டர்ர்' ஒலி தனிக் கதை. மேசையில் கிடக்கும் கைப்பேசி 2ஜி வலையமைப்பில் இயங்கும்போது, நொடிக்கு சுமார் 217 முறை விட்டு விட்டு அலை பரப்புகிறது; அந்தத் துடிப்பு போனின் ஒலிச்சுற்றுக்குள் புகுந்து காதுக்குக் கேட்கும் ஒலியாகிறது. அழைப்பு மணி அடிப்பதற்குச் சற்று முன்பே அது கேட்பது இதனால்தான். கைப்பேசியை ஓர் எட்டு தள்ளி வைத்தால் போதும்.

கேள்வி: உறவினர் அமெரிக்காவில் வாங்கிய டெக்ட் கான்ஃபரன்ஸ் போனை ஐரோப்பாவிலுள்ள எங்கள் அலுவலகத்தில் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அது இயங்கும் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, ஐரோப்பாவில் கைப்பேசிகள் கோபுரத்தை நோக்கி அலை அனுப்புவதற்கு ஒதுக்கப்பட்டது. உங்கள் போன் அங்கே நன்றாகவே பேசலாம். தொல்லை அக்கம்பக்கத்தாரின் கைப்பேசிகளுக்குத்தான், சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐரோப்பாவுக்கான கருவியை வாங்குங்கள்.