கேள்வி – பதில்: ஜூரா மலையடிவாரத்து ஒயின்கள்

சென்ற இதழில் பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ஸ்விட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலையடிவாரத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பற்றி எழுதியிருந்தேன். வடக்கே சாலான் முதல் தெற்கே சேந்தாமூர் வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம், சுமார் 2,000 ஹெக்டேர். அவ்வளவுதான் அந்த ஒயின் நாடு. வந்த கடிதங்களில் பாதி, ‘வான் ஜோன்’ என்கிற, பீப்பாயில் ஆறு ஆண்டுகள் வைத்தெடுக்கும் மஞ்சள் ஒயினைப் பற்றியே கேட்கின்றன.

கேள்வி: எல்லா ஒயினும் 75 சென்டிலிட்டர் பாட்டிலில் வருகிறது. மஞ்சள் ஒயினுக்கு மட்டும் 62. இது பகல் கொள்ளை இல்லையா?

கொள்ளை என்றால் கொள்ளையடித்தது காற்று. பீப்பாயில் வைத்த ஒரு லிட்டர், ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு 62 சென்டிலிட்டராகக் குறைந்துவிடும் என்பது ஊர்க்கணக்கு. அந்தக் கட்டையான, சதுரத் தோள் கொண்ட பாட்டிலுக்குக் கிளாவ்லான் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவு விதிகளில் மஞ்சள் ஒயினுக்கென்றே 62 தனியாக எழுதப்பட்டிருக்கிறது. ஊர்க்கணக்கை நான் முழுதாக நம்புவதில்லை. ஈரமான நிலவறையில் ஒரு மாதிரி ஆவியாகும், பரணில் வேறு மாதிரி ஆவியாகும். எல்லா வீட்டிலும் சொல்லிவைத்தாற்போல் 62-இல் வந்து நிற்குமா? ஆனால் கணிசமான பங்கு போய்விடுகிறது என்பது உண்மை. விலையைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலே பூஞ்சணம் படிய விட்டு ஆறு ஆண்டுகள் வைத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது ஏன் வினிகர் ஆகவில்லை?

பூஞ்சணம் என்று நான் எழுதவில்லை. படலம் என்றுதான் எழுதினேன். அது ஈஸ்ட். சர்க்கரையைச் சாராயமாக்கிய அதே இனத்து ஈஸ்ட்தான், சர்க்கரை தீர்ந்த பிறகு மேலே மிதந்து கூட்டுக் குடும்பம் நடத்துகிறது.

மற்ற ஒயின் ஊர்களில் பீப்பாயில் ஒயின் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். காற்றுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது அங்கே பாலபாடம். ஜூராவில், மஞ்சள் ஒயினுக்காகச் சவாஞான் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினைப் பீப்பாயில் வைத்து, நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். மேலே காலி இடம் உண்டாகிறது, படலம் படர்கிறது. அது ஆக்சிஜனைத் தானே எடுத்துக்கொண்டு, சாராயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வாழ்கிறது. கீழே இருக்கும் ஒயினுக்குக் காற்று நேராகப் போய்ச் சேருவதில்லை. வினிகர் பாக்டீரியாவுக்கும் அடுப்பு எரிவதில்லை.

மஞ்சள் ஒயினுக்குப் பெயர்போன ஷாத்தோ–ஷலோன் கிராமத்தில், ஒரு வீட்டு நிலவறையில் விளக்கைச் சாய்த்துப் பீப்பாயின் வாய் வழியாகப் பார்க்கச் சொன்னார்கள். சாம்பல் கலந்த வெள்ளை. நடுவில் மெல்லிய சுருக்கங்கள். மரத்தைத் தொடும் ஓரத்தில் சற்றுத் தடிப்பு. ‘பீப்பாயைத் தொட்டுவிடாதீர்கள்’ என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை சொன்னார். படலம் கிழிந்துவிடும் என்ற பயம். சுவைத்துப் பார்ப்பதற்கு மேலே குழாய் விடுவதில்லை. பீப்பாயின் முகப்பில் கீழே ஒரு சிறு துளை, அதில் ஒரு மரச் செருகி. அதை உருவினால் நூலாகக் கொட்டுகிறது.

‘சும்மா விட்டுவிட்டால் தானாக ஆகிவிடும்’ என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவது எனக்கு எரிச்சல். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் மாதிரி எடுத்துப் புளிப்பை அளக்கிறார்கள். வினிகர் பக்கம் சாயும் பீப்பாயை உடனே வரிசையிலிருந்து விலக்கிவிடுவார்கள். ஐந்தாம் ஆண்டில் ஒரு பீப்பாய் கெட்டால் ஐந்து ஆண்டு உழைப்பும் போயிற்று. அறுவடைக்குப் பின் ஆறாவது ஆண்டின் டிசம்பர் 15 வரை பீப்பாயில் இருக்க வேண்டும், அதில் குறைந்தது 60 மாதங்கள் படலத்துக்கு அடியில் என்பது சட்டம்.

வாசனையையும் சொல்லிவிடுகிறேன். வாதுமைக் கொட்டை, பச்சை ஆப்பிள், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மசாலா. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் சோட்டோலோன் என்ற வேதிப்பொருள். வெந்தயத்துக்கு மணம் கொடுப்பதும் அதுதான். முதன்முதலில் முகர்கிற தமிழ் மூக்கு திடுக்கிடுவதில் வியப்பில்லை.

கேள்வி: ஸ்பெயினின் ஷெர்ரியும் இதே சரக்குதானே?

பங்காளி, அவ்வளவுதான். படலத்தின் அடியில் வளரும் ஷெர்ரியில் தனியாகச் சாராயம் சேர்த்து வலுவை ஏற்றுகிறார்கள். பழைய பீப்பாய்களில் புதிய ஒயினை ஊற்றிப் பல ஆண்டுகளைக் கலக்கிறார்கள். மஞ்சள் ஒயினில் எதுவும் சேர்ப்பதில்லை. ஒரே ஆண்டு, ஒரே திராட்சை.

கேள்வி: லெத்துவால் கிராமத்து மண்ணில் நட்சத்திர வடிவப் புதைபடிவங்கள் இருப்பதால்தான் அங்கத்திய ஒயினில் கடல் சுவை வருகிறதாமே?

நட்சத்திரங்கள் உண்மை. கடல் அல்லிகள் என்ற உயிரினத்தின் ஐந்து முனைத் தண்டுத் துண்டுகள் அவை. அந்த ஊர் மண்ணில் பொறுக்கலாம், சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. ஒயினில் சுவை வருகிறது என்பது விற்பனைக்காரர் பேச்சு. கல்லைத் திராட்சைக் கொடி சப்பிக் குடிப்பதில்லை.

மண் வேலை செய்யும் விதம் வேறு. ஜூரா மலைகள் கடலடிச் சுண்ணாம்புக் கல். ‘ஜுராசிக்’ காலத்துக்கே இந்த மலைதான் பெயர் கொடுத்தது. ஆல்ப்ஸ் எழும்பியபோது தள்ளப்பட்ட பாறை அடுக்குகள், அடியிலிருந்த உப்புப் படுகையின் மேல் வழுக்கிக்கொண்டு மேற்கே நகர்ந்து மடிந்தன. அந்த உப்பைத்தான் சாலான் ஊரில் பல நூற்றாண்டுகள் காய்ச்சி எடுத்தார்கள். மலை மேற்கே இறங்கும் சரிவில் அடியடுக்குகள் வெளியே தலைகாட்டுகின்றன: நீலமும் சாம்பலுமான சுண்ணக் களிமண். மழைக்குப் பிறகு அதில் நடந்தால் செருப்பு கையோடு வரும். அறுவடைக்குப் போனபோது சரிவில் கூடையோடு ஏறியதைவிட, காலை உருவி உருவி எடுத்ததுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

இந்தக் களிமண் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; மெதுவாகத்தான் சூடேறும். தாமதமாகப் பழுக்கும், புளிப்பை விடாத சவாஞானுக்கு அது பொருத்தம். வெயில் கேட்கும் த்ரூசோ என்ற சிவப்பு வகையை ஆர்புவா பக்கம் சீக்கிரம் சூடேறும் சரளை நிலத்தில் வைக்கிறார்கள். எந்த இடத்தில் எதை நட வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதில்தான் அந்த ஊர்க்காரர்களின் கெட்டிக்காரத்தனம். நட்சத்திரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கோப்பையில் தேடாதீர்கள்.

கேள்வி: அங்கே சிவப்பைக் குடித்த பிறகுதான் வெள்ளையா? தலைகீழாக இருக்கிறதே!

ஆமாம். பூல்சார் என்ற சிவப்புத் திராட்சையின் தோல் அவ்வளவு மெல்லியது. ஒயின் ரோஜா நிறத்தைத் தாண்டுவதே அபூர்வம். புப்பிலான் கிராமம் அதன் உலகத் தலைநகரம் என்று தன்னையே அறிவித்துக்கொண்டிருக்கிறது (அங்கே அதை ‘ப்லூசார்’ என்பார்கள், மாற்றிச் சொன்னால் திருத்துவார்கள்). இந்த மென்மையான சிவப்பை, படலத்து வெள்ளைக்குப் பிறகு கொடுத்தால் தண்ணீர் மாதிரிதான் தெரியும். எனவே சிவப்பு முதலில்.

கேள்வி: லூயி பாஸ்டர் அந்த ஊர்க்காரர் என்பது சரியா? இவ்வளவு பெருமை இருந்தும் ஏன் இத்தனை சிறிய வட்டாரம்?

1822-இல் ‘தோல்’ என்ற நகரில் பிறந்தார், ஆர்புவாவில் வளர்ந்தார். அங்கே சொந்தமாகத் திராட்சைத் தோட்டமும் இருந்தது. 1878 கோடையில் அவர் செய்த வேலை எனக்கு மிகப் பிடித்தது. நொதிக்க வைக்கும் ஈஸ்ட் திராட்சைக்கு உள்ளேயே உருவாகிறதா, வெளியிலிருந்து வந்து ஒட்டுகிறதா என்று அன்று சண்டை. காய் பழுக்கும் முன்பே கொடிகளின் மேல் கண்ணாடி வீடுகளை எழுப்பி மூடினார். குலைகளைப் பஞ்சால் சுற்றினார். பழுத்த பின் நசுக்கினால் அந்தச் சாறு நொதிக்கவில்லை. வாதம் முடிந்தது.

சிறுத்துப் போனதற்குக் காரணம் ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அதற்கு முன்பு ஏறக்குறைய 20,000 ஹெக்டேர் இருந்த தோட்டம். பிறகு போர்கள் வந்தன. ஆட்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். பல சரிவுகள் மீண்டும் காடாயின, சிலவற்றில் மாடு மேய்கிறது. 1936-இல் பிரான்சில் முதன்முதலாகப் பாதுகாக்கப்பட்ட ஊர்ப்பெயர் (அந்த வட்டாரத்து ஒயினுக்கு மட்டுமே உரிய பெயர்) கொடுத்த வரிசையில் ஆர்புவாவும் இருந்தது. ஆனாலும் பரப்பு பழையபடி திரும்பவில்லை.

கேள்வி: ஷாத்தோ–ஷலோன் பெயரில் சில ஆண்டுகள் ஒயினே வராதாமே?

வராது. அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்க்கும். தரமில்லை என்றால் பெயரையே கைவிட்டுவிடுவார்கள். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் அப்படித்தான் நடந்தது. ஐம்பது ஹெக்டேர் வைத்திருக்கும் ஊருக்கு இது சின்ன இழப்பு இல்லை. வீம்பு என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இருக்கட்டும், நல்ல வீம்பு.

கேள்வி: 1774-ஆம் ஆண்டில் செய்த மஞ்சள் ஒயின் ஏலம் போனதாகப் படித்தேன். அது குடிக்கும் நிலையில் இருக்குமா?

2018 மே மாதம் லோன்–ல–சோனியேவில் ஏலம் நடந்தது. ஒரு பாட்டில் 1,03,700 யூரோவுக்குப் போனது. செய்தவர் அனத்துவால் வெர்செல், பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்த ஆண்டு. அதே ஆண்டின் இன்னொரு பாட்டிலை 1994-இல் திறந்து சுவைத்த நிபுணர்கள் பத்துக்கு 9.4 மதிப்பெண் போட்டார்கள். காற்றோடு ஆறு ஆண்டுகள் பழகிய ஒயினைக் காற்று அவ்வளவு எளிதில் மிரட்டிவிட முடியாது.

கேள்வி: பரிசாக ஒரு கிளாவ்லான் வந்திருக்கிறது. எப்படிப் பரிமாறுவது? இதில் கோழி சமைப்பார்களாமே, பாட்டில் முழுவதும் தேவையா?

குளிர்ப்பெட்டியில் உறைய வைக்காதீர்கள். 15 டிகிரி போதும். சாப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள். மீதியைக் கார்க் போட்டு வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. பக்கத்தில் நன்றாக முதிர்ந்த கோந்தே பாலாடைக்கட்டி இருக்கட்டும்; இரண்டும் ஒரே மலையில் பிறந்தவை.

கோழிக் குழம்பு அந்த வட்டாரத்தின் பெருமை: கோழி, மொரெல் காளான், பாலேடு, மஞ்சள் ஒயின். ஆனால் பாட்டில் முழுவதையும் சட்டியில் கொட்டுவது பாவம். நீண்ட நேரம் கொதித்தால் மணம் முழுவதும் புகையோடு போய்விடும். வேகவைப்பதற்குப் படலத்தில் சில ஆண்டுகளே வளர்ந்த மலிவான சவாஞானை ஊற்றுங்கள். அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன் மஞ்சள் ஒயினில் ஒரு சிறு கோப்பை சேருங்கள். பாலேட்டை அதற்கு முன்பே சேர்த்துக் கெட்டியாக்கிவிட வேண்டும். மொரெலைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, நச்சு. காய்ந்ததை வாங்கினாலும் ஊறவைத்து நன்றாக வேகவிடுங்கள்.