சிபிகே 4,200: குழந்தையின் சிறுநீரகத்துக்கு ஆபத்தா?

கேள்வி: என் 8 வயது மகனுக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் இரண்டு கெண்டைக்காலிலும் கடும் வலி. நடக்கவே மறுக்கிறான். ரத்தப் பரிசோதனையில் சிபிகே (தசையில் இருக்கும் ஒரு நொதி) 4,200 என்று வந்திருக்கிறது. சிறுநீர் வழக்கமான நிறத்தில்தான் போகிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் சரியாக இருக்கிறதாம். தசை சிதைந்தால் சிறுநீரகம் செயலிழக்கும் என்கிறார்களே? வலிக்கு வீட்டில் இருக்கும் ஐபுபுரூஃபன் கொடுக்கலாமா?

பதில்: ஐபுபுரூஃபன் வேண்டாம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அது குறைக்கும். ஆஸ்பிரினும் கூடாது. பாராசிட்டமால் போதும், மகனின் எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து வரும் தசை அழற்சி போலத் தெரிகிறது. இன்ஃபுளுயன்சாவுக்குப் பிறகு, அதிலும் பி வகைக்குப் பிறகு, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இது வருவதுண்டு. பையன்களுக்குக் கொஞ்சம் அதிகம். நுனிக்காலில் நடப்பார்கள், அல்லது நடக்கவே மாட்டார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். ஆனால் வலியால் நடக்காமல் இருப்பது வேறு, பலம் இல்லாமல் நடக்க முடியாமல் போவது வேறு. கால் துவண்டு, பலவீனம் மேல் நோக்கிப் பரவினால் அது நரம்புக் கோளாறாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.

இனி சிறுநீரகம். சிபிகே அதைக் கெடுப்பதில்லை, எவ்வளவு தசை உடைந்தது என்று காட்டும் கணக்கு மட்டும்தான் அது. கெடுப்பது மயோகுளோபின் என்ற புரதம். உடைந்த தசைச் செல்லிலிருந்து வெளியேறி, சிறுநீரக நுண்குழாய்களில் படிந்து அடைக்கும், செல்களையும் காயப்படுத்தும். உடலில் நீர் வற்றி, சிறுநீர் அமிலத்தன்மையோடு கெட்டியாகும்போது இந்தச் சேதம் கூடுகிறது. அதனால்தான் ஒரே அளவு சிபிகே இருந்தாலும், நன்றாக நீர் குடித்த பிள்ளை தப்பிக்கிறது, வாந்தியும் காய்ச்சலுமாக வாடிய பிள்ளை மாட்டிக்கொள்கிறது.

இயல்பு அளவைப் போல 5 மடங்குக்கு மேல், அதாவது சுமார் 1,000-ஐத் தாண்டினாலே ராப்டோமயோலிசிஸ், அதாவது தசைச் சிதைவு, என்று எழுதிவிடுவார்கள். பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். 5,000-ஐத் தாண்டும்போதுதான் பொதுவாகக் கவனத்தைக் கூட்டுவோம், உங்கள் மகன் அதற்கு அருகில்தான் இருக்கிறான். தசை பாதிக்கப்பட்ட பிறகு 1 முதல் 3 நாள் வரை சிபிகே ஏறிக்கொண்டே போகலாம். ஆகவே ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யாமல், அடுத்த நாளே சிபிகே, கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியத்தை மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முக்கியம். சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே உயர்ந்த பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும்.

சிறுநீர்ப் பரிசோதனையும் ஒன்று செய்துவிடுங்கள். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பரிசோதனைப் பட்டையில் 'ரத்தம்' என்று காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லையென்றால் அது மயோகுளோபினாக இருக்கலாம். அது சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து குறைந்துவிடும் என்பதால், நிறம் தெளிவாக இருப்பதை மட்டும் நம்ப முடியாது. கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற நொதிகள் உயர்ந்து வந்தால் உடனே கல்லீரல் என்று ஓடாதீர்கள், உடைந்த தசையிலிருந்தும் அவை வரும்.

வாந்தி இல்லாமல் நன்றாகக் குடிக்கிறான், சிறுநீர் தாராளமாகப் போகிறது என்றால், மருத்துவர் கண்காணிப்பில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கஞ்சத்தனம் இல்லாமல் நீர் கொடுங்கள். நடக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்துக்கு மாறினாலோ, 6 முதல் 8 மணி நேரம் போகாமல் இருந்தாலோ, வாந்தி, மயக்கம், முகவீக்கம், கெண்டைக்கால் கல் போல இறுகுதல் என எது வந்தாலும், இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே சலைன் ஏற்றுவதுதான் முதல் சிகிச்சை. டயாலிசிஸ் வரை போகும் குழந்தைகள் மிகக் குறைவு, அவர்களிலும் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் திரும்பி வந்துவிடுகிறது.

அப்புறம், நன்றாக ஓடியாடத் தொடங்கிய சில வாரம் கழித்து சிபிகே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அப்போதும் இறங்காமல் இருந்தாலோ, இதே மாதிரி இன்னொரு முறை வந்தாலோ, விளையாட்டுக்குப் பிறகோ பட்டினிக்குப் பிறகோ வந்தாலோ, பரம்பரைத் தசை நோயோ வளர்சிதைக் குறைபாடோ இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்தச் சோதனை முடியும்வரை எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்னால் மயக்க மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சில மயக்க மருந்துகள் ஆகாது.