ரோலர் கோஸ்டரில் ஒரு குடும்பப் படம்: எங்கே பார்ப்பது, எதை வெளியே எடுக்காமல் இருப்பது?

கேள்வி: சென்ற ஆண்டு குடும்பமாக ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தோம். ரோலர் கோஸ்டர் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது என் கொழுந்தனார் எங்களைப் படம் எடுப்பதற்காகக் கைபேசியை வெளியே எடுத்தார். உடனே வண்டியைப் பாதி ஏற்றத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் எங்கள்மீது கோபப்பட்டார்கள். பூங்காவின் கேமரா எடுத்த படத்திலோ, முன்வரிசைக்காரர் உயர்த்திய கைக்குப் பின்னால் என் மகளின் முகம் மறைந்துபோனது. வெளியே திரையில் காட்டிய அந்தப் படத்தைக் கைபேசியில் எடுக்கப் போனபோது ஊழியர் தடுத்தார். அடுத்த மாதம் எட்டுப் பேர் மீண்டும் போகிறோம். யாருக்கும் தொந்தரவு தராமல் ஒரு நல்ல படம் கிடைக்க என்ன செய்ய வேண்டும்? படத்தில் அயலார் இருந்தால் அதை இணையத்தில் பகிரலாமா? உயரத்தைக் கண்டாலே அஞ்சும் என் மாமியாரையும் எப்படியாவது படத்தில் சேர்க்க விரும்புகிறேன்.

பதில்: சவாரி இயக்கும் மேடையில் சில ஆண்டுகளும், படங்களைக் காட்டும் கவுன்ட்டரில் சில ஆண்டுகளும் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை இரண்டு பக்கமிருந்தும் என்னால் பார்க்க முடிகிறது. உங்கள் கொழுந்தனாரைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை; ஆனால் அன்று வண்டியை நிறுத்தியவர் செய்தது முற்றிலும் சரி என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில், சங்கிலி இழுத்துச் செல்லும் அந்த ஏற்றம்தான் இயக்குபவர் நினைத்த மாத்திரத்தில் வண்டியை நிறுத்தக்கூடிய இடம். உச்சியைக் கடந்துவிட்டால் வண்டியை ஓட்டுவது புவியீர்ப்பு மட்டுமே. பிரேக் பொருத்தியிருக்கும் ஒரு சில இடங்களைத் தவிர வேறெங்கும் அதை நிறுத்த வழியில்லை. ஆகவே, ஏற்றத்தில் ஒருவர் கையில் கைபேசியைக் கண்டால், முடிவெடுக்க இயக்குபவருக்குச் சில நொடிகள்தான் இருக்கின்றன. அவர் பொத்தானை அழுத்தியதும் நிற்பது உங்கள் வண்டி மட்டுமன்று. பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்ற முறையில் கட்டுப்படுத்தப்படுவதால், பின்னால் வரும் வண்டிகளும் அங்கங்கே பிரேக்கில் காத்து நிற்கும். வரிசை நகராது. எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே மீண்டும் ஓட்டுவார்கள். பின்னாலிருந்தவர்களின் கோபத்துக்குக் காரணம் அந்தக் காத்திருப்பு.

இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று பலர் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். பள்ளத்தின் அடியில் உடலை அழுத்தும் விசை பல சவாரிகளில் எடையைப் போல 3 முதல் 4 மடங்கு வரை போகும். 200 கிராம் கைபேசி அப்போது முக்கால் கிலோ போலக் கனக்கும், அதைப் பிடித்திருக்கும் கையும் அதே அளவுக்குக் கனக்கும். அடுத்த மேட்டில் எடையே இல்லாததுபோல் எல்லாம் மேலெழும்பும். இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வலுவான பிடியும் நழுவும். நழுவிய கைபேசி காற்றில் இருக்கும்போது, கீழே வளைந்து வரும் பாதையில் இன்னொரு வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அதில் மோதினால், அதில் இருப்பவர் முகத்தில் விழும் அடி, ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, அதே கைபேசி விழுவதற்குச் சமம். ஒரு முறை, சவாரி முடிந்த பிறகு பாதைக்கு அடியில் இருந்த வலையிலிருந்து ஒரு கைபேசியை எடுத்தேன். அதன் கண்ணாடி ஊசி ஊசியாகச் சிதறியிருந்தது. மூலை ஒன்று உள்ளே மடிந்திருந்தது. அந்த மூலை ஒரு நெற்றியில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். 2015 ஜூன் மாதத்தில் கலிஃபோர்னியாவின் டிஸ்னி பூங்கா ஒன்றில், சவாரிக்கு நடுவே ஒருவர் செல்ஃபி குச்சியை நீட்டியதால் ரோலர் கோஸ்டரை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே மாத இறுதியில் அமெரிக்க டிஸ்னி பூங்காக்களுக்குள் செல்ஃபி குச்சியே கூடாது என்று தடை வந்தது. மார்பில் கட்டிக்கொள்ளும் சிறிய கேமராவுக்குச் சில இடங்களில் அனுமதி உண்டு என்றாலும், ஏறுவதற்கு முன்பே ஊழியரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். உட்கார்ந்த பிறகு கேட்டால் ‘கழற்றுங்கள்’ என்பதுதான் பதிலாக இருக்கும்.

கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டால் படத்துக்கு என்ன வழி? பூங்காவின் கேமராவே போதும். நீங்கள் கையால் எடுக்கும் படத்தைவிட அது நன்றாகவே வரும், அதன் குணத்தைத் தெரிந்துகொண்டால். அந்தக் கேமரா ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கும். வண்டி குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டும்போது ஒரு சென்சார் அதை உணர்ந்து ஷட்டரையும் ஃபிளாஷையும் இயக்கும். நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தாலே, நான் சொன்ன வேகத்தில் வண்டி 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முகம் கோடாக இழுபடும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதனால்தான் அத்தனை வேகமான ஷட்டரும், பகலிலும் அடிக்கும் ஃபிளாஷும். நீங்கள் தயாராக இருக்க வேண்டியது அந்த ஒரு கணத்துக்கு மட்டுமே.

அந்தக் கணம் எங்கே வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க, வரிசையில் நிற்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சவாரியின் வெளிவாசலில் இருக்கும் கவுன்ட்டருக்குப் போய், முந்தைய வண்டிகளின் படங்கள் திரையில் ஓடுவதைப் பாருங்கள். முகங்களுக்குப் பின்னால் தெரிவது என்ன? வானம் மட்டும் தெரிந்தால் கேமரா தாழ்வாக இருக்கிறது. தண்டவாளம் பின்னால் மேல்நோக்கிப் போவது தெரிந்தால் அது இறக்கத்தின் அடிப்பகுதி. எல்லாரும் இடப்பக்கம் பார்த்துச் சிரித்திருந்தால், தெரிந்தவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும். பிறகு கீழே நின்று, எந்த இடத்தில் ஃபிளாஷ் மின்னுகிறது என்று ஒரு வண்டியைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது முதல் பெரிய இறக்கமாக இருக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கேமராவைத் தேடித் தலையைத் திருப்பாதீர்கள். தலை இருக்கையின் சாய்மானத்தோடு ஒட்டியிருக்க, கண்களை மட்டும் திருப்புங்கள். விசை உடலை அழுத்தும் நேரத்தில் திரும்பியிருக்கும் கழுத்து சுளுக்கிக்கொள்ளும், அதிலும் வயதானவர்களுக்கு அந்த வலி பல நாள் இருக்கும். நீளமான தலைமுடியைப் பின்னியோ கட்டியோ விடுங்கள். படத்தில் உங்கள் முகத்தை மறைப்பது மட்டுமல்லாமல், பின்வரிசைக்காரரின் முகத்திலும் அடிக்கும். தொப்பி, கழுத்துத் துணி, பட்டை இல்லாத மூக்குக் கண்ணாடி எல்லாம் கைபேசியோடு லாக்கருக்குப் போக வேண்டியவை.

இப்போது உங்கள் மகளின் முகம் மறைந்த கதைக்கு வருகிறேன். முன்னாலிருந்து எடுக்கும் கேமராவுக்கு, முன்வரிசை ஒரு சுவர். முன்னால் இருப்பவர் கையை உயர்த்தினால் பின்னால் இருப்பவருக்கு அந்தச் சவாரியின் நினைவே இல்லாமல் போகிறது. நீங்கள் உயர்த்தினால் உங்களுக்குப் பின்னால் இருக்கும் வேறொரு குழந்தைக்கும் அதேதான். எட்டுப் பேர் என்றால், வண்டியில் தொடர்ச்சியான வரிசைகள் கிடைக்கும்படி கேளுங்கள். உயரம் குறைந்தவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால்; கையை உயர்த்தும் ஆசை உள்ளவர் கடைசி வரிசையில். முன்வரிசையில் இருப்பவர்கள் கம்பியைப் பிடித்தபடியே சிரித்தால் போதும், படம் உயிரோடுதான் இருக்கும். சிறியவர்களுக்கான உயர அளவைத் தாண்டிய பிள்ளைகளை மட்டும் ஏற்றுங்கள். அந்த அளவு, உடலைப் பிடித்து நிறுத்தும் கம்பியின் அமைப்பைப் பொறுத்து வைக்கப்பட்டது, பேரம் பேசுவதற்குரியது அல்ல.

ஒன்றாக உட்கார வேண்டும் என்பதற்காக வரிசையில் ஒருவர் நின்று, மற்ற ஏழு பேரும் கடைசியில் வந்து நுழைவதை நான் மேடையிலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றவர்களுக்கு முன்னால் ஏழு பேர் திடீரென்று முளைப்பது எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேரும் சேர்ந்தே நில்லுங்கள். ஏறும் இடத்துக்கு வந்ததும், “நாங்கள் எட்டுப் பேர், ஒன்றாக உட்கார அடுத்த வண்டி வரை காத்திருக்கிறோம்” என்று ஊழியரிடம் சொல்லி, பின்னால் இருப்பவர்களை முன்னே அனுப்பிவிடுங்கள். வழிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு வேண்டிய வரிசைகளைத் தர எந்த ஊழியரும் தயங்கமாட்டார்.

படத்துக்கு முன்கூட்டியே ஒரு காட்சியைத் திட்டமிடுவது நல்ல விளையாட்டு: எல்லாரும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வது, எல்லாரும் ஒரே பக்கம் வியந்து பார்ப்பது. கையில் எந்தப் பொருளும் இல்லாமல் செய்யக்கூடியவை மட்டும் போதும். ஆபாசமான சைகைகள் உள்ள படங்களைப் பல பூங்காக்கள் திரையில் காட்டுவதே இல்லை. ஒருவருடைய சைகையால் அந்த வரிசை முழுவதற்கும் படம் இல்லாமல் போகும். தம் பேரனுடன் முதல் முறையாக ஏறிய ஒரு பெரியவருக்கு இப்படி நேர்ந்தது. கவுன்ட்டரில் நின்று, “எங்கள் எண் எப்போது வரும்?” என்று அவர் மூன்று முறை கேட்டார். பக்கத்து இருக்கைக்காரர் செய்ததை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன்.

திரையில் காட்டும் படத்தைக் கைபேசியில் எடுப்பது பற்றிக் கேட்டீர்கள். எடுக்காதீர்கள் என்பதே என் பதில். அது பூங்கா விற்கும் பொருள். திரையில் வைத்திருப்பது நீங்கள் பார்த்துத் தீர்மானிப்பதற்காக. வாங்க விருப்பமில்லை என்றால் பார்த்து மகிழ்ந்துவிட்டு நகர்வதில் எந்தக் குறையும் இல்லை. தவிர, திரையைப் படமெடுத்தால் கோடுகளும் பளபளப்பும்தான் பெரும்பாலும் கிடைக்கும். பல சவாரிகளில் படம் வேண்டுமென்றால், நாள் முழுவதற்குமான படத் திட்டம் உள்ளதா என்று காலையிலேயே விசாரியுங்கள். எட்டுப் பேருக்கு அது தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாக இருக்கக்கூடும். இறங்கும்போது வண்டி எண்ணையும் வரிசையையும் நேரத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படம் திரையிலிருந்து போய்விட்டாலும், இந்த மூன்றையும் சொன்னால் ஊழியரால் தேடித் தர முடியும். மறுநாள் வரை அது இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

அயலார் இருக்கும் படத்தை வாங்கலாம், வீட்டில் மாட்டலாம். இணையத்தில் போடுவதற்கு முன் மட்டும் நின்று யோசியுங்கள். சவாரிப் படத்தில் இருப்பது ஒரு மனிதர் தம் முகத்தைக் கட்டுப்படுத்த முடியாத கணம்: வாய் கோணியிருக்கும், கண்ணீர் வழிந்திருக்கும், ஆடை விலகியிருக்கலாம். உங்களுக்கு அது உங்கள் மகளின் படம். பக்கத்தில் அலறும் பெண்மணிக்கோ, தாம் அறியாமலே ஆயிரம் பேர் பார்க்கும் படம். அவரை வெட்டியோ முகத்தை மறைத்தோ பகிருங்கள். பிறர் குழந்தைகள் என்றால் மறுபேச்சே வேண்டாம், மறைத்துவிடுங்கள். இதே உரிமை உங்களுக்கும் உண்டு: உங்கள் மகளின் படம் திரையில் இருப்பது பிடிக்கவில்லை என்றால், கவுன்ட்டரில் சொன்னால் நீக்கிவிடுவார்கள். நான் இருந்த காலத்தில் யாரிடமும் காரணம் கேட்டதில்லை.

இருட்டான அரங்குக்குள் மெல்லச் செல்லும் சவாரிகளில் கைபேசிக்கு அனுமதி இருந்தாலும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். உங்கள் ஒரு மின்னலில் சவாரியில் உள்ள அத்தனை பேரும் அந்தப் பழக்கத்தை இழந்துவிடுவார்கள். திரையின் வெளிச்சமும் பின்னால் இருப்பவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

கடைசியாக, உங்கள் மாமியார். அத்தகைய மெதுவான சவாரிகள் பலவற்றிலும் பூங்காவின் கேமரா உண்டு. இதயம், முதுகு, கழுத்துத் தொந்தரவு உள்ளவர்களுக்கான எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு, அவருக்கு ஏற்றதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அவரும் சேர்ந்த குடும்பப் படம் அங்கேதான் கிடைக்கும். ரோலர் கோஸ்டரின்போது லாக்கருக்குப் போகும் உங்கள் கைபேசிகளில் ஒன்றை அவரிடம் கொடுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தால் படங்கள் தொடர்ந்து விழும்படி அமைத்து வையுங்கள். இறக்கத்தின் அருகே நிற்க வேண்டாம். அங்கே வண்டி ஒரு கோடாகத்தான் போகும். சவாரியின் முடிவில் வண்டி பிரேக்கில் வேகம் குறையும் இடத்துக்கு எதிரே, பார்வையாளர் வேலிக்கு இப்பால் அவரை நிறுத்துங்கள். பயம் தீர்ந்து எல்லாரும் சிரிக்கும் இடம் அது. முதலில் இரண்டு வண்டிகளை வெறுமனே பார்க்கச் சொல்லுங்கள்; எங்கே வேகம் குறைகிறது என்று தெரிந்துவிட்டால், நீங்கள் வரும்போது அவர் விரல் பொத்தானில் தயாராக இருக்கும்.