ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவரின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

பெரும்பாலும் முடியும், பெரிய கருவிகூட வேண்டாம். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய ‘நியூஸ்’ (நிலை மோசமாவதை முன்கூட்டியே எச்சரிக்கும் மதிப்பெண்) முறையில் மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, உடல்வெப்பம் எல்லாவற்றுக்கும், இயல்பிலிருந்து விலக விலகக் கூடுதலாக, மார்க் போட்டுக் கூட்டுவார்கள். 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரக் குழுவையே கூப்பிட வேண்டும்.

சரி, ஓட்டை எங்கே? மூச்சை எண்ணுவதில்தான். நிமிடம் முழுக்க நின்று எண்ண நேரமில்லாமல் எல்லாருக்கும் 18, 20 என்று எழுதிவிட்டுப் போவது பல நாட்டு வார்டுகளிலும் நடக்கிற கதை. மார்ஃபின் மாதிரி வலிமருந்து மூச்சை மெதுவாக்கும், ஆனால் கூடவே ஆக்சிஜனும் கொடுத்துக்கொண்டிருந்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டிய கருவி கொஞ்ச நேரம் 98 என்றே காட்டும். எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லையா, எண்ணைப் பார்த்துச் சும்மா இருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.