இஸ்டோரு பிழையா?

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் அம்மாயி ‘இஸ்டோரு’ என்றுதான் சொல்வார். என் மகள் வகுப்பில் அப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்களாம். ‘தோட்டத்து ஆட்கள் இங்கிலிஷைக் கெடுக்கிறார்கள்’ என்றாராம் ஆசிரியர். உண்மையில் இது பிழையா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இல்லை. அந்த ஆசிரியர் சொன்னதுதான் பிழை.

இஸ்டோரு என்பது ‘ஸ்டோர்’ என்ற ஆங்கிலச் சொல்தான். அது வந்த வழியைப் பாருங்கள். லத்தீனில் ‘இன்ஸ்டவ்ராரே’ என்று ஒரு வினைச்சொல். புதுப்பித்தல், நிறுவுதல் என்று பொருள். பழைய பிரெஞ்சில் அது ‘எஸ்தோரேர்’ ஆயிற்று: கட்டுவது, வேண்டிய சாமான்களைச் சேர்த்து வைப்பது. அப்படிச் சேர்த்து வைத்தது ‘எஸ்தோர்’. 1066இல் பிரெஞ்சு பேசிய நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே குடியேறிய பிரெஞ்சுச் சொற்களில் இதுவும் ஒன்று. ஆங்கிலேயர் முன்னாலிருந்த உயிரெழுத்தை விழுங்கிவிட்டு ‘ஸ்டோர்’ என்றார்கள். அதே இடத்தில் உங்கள் அம்மாயி ஓர் உயிரைத் திரும்ப வைத்திருக்கிறார்.

அம்மாயிக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. ‘ஸ்’ஸும் ‘ட்’டும் ஒட்டிக்கொண்டு சொல்லின் முதலில் வருவது தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லை, அதனால் முன்னே ஓர் இகரம். லத்தீன் பேசிய சாதாரண சனங்களும் இதையேதான் செய்தார்கள். ‘ஸ்டாடுஸ்’ என்றால் நிலை. அதன் முன்னே ஓர் உயிர் ஒட்டி, பிரெஞ்சில் ‘எஸ்தாத்’ ஆகி, ஆங்கிலத்துக்கு ‘எஸ்டேட்’ என்று போனது. நிலை, அந்தஸ்து, சொத்து, கடைசியில் நிலம் என்று பொருளும் நகர்ந்தது. எஸ்டேட் என்று அந்த ஆசிரியர் நாள்தோறும் சொல்வாரே, அதன் முதல் எழுத்தே இப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

சரி, தொழிற்சாலைக்கு ஏன் அந்தப் பெயர்? இலங்கை மலைநாட்டில் தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், பறித்த கோப்பியைக் காயவைத்துச் சேர்த்த கட்டடத்தை, தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் ஸ்டோர் என்றார்கள். 1869இல் தொடங்கிய இலைநோயில் கோப்பி அழிந்து, மலை முழுக்கத் தேயிலை பரவியது. பெயர் மட்டும் மாறவில்லை. கோப்பி நட்ட நம் முன்னோர் பலருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் வாயில் புழங்கிய சொல் இது. இதைக் கேட்டு ஒரு வகுப்பே சிரித்தது என்பது எனக்கு வலிக்கிறது.

மகள் ஆங்கிலக் கட்டுரையில் ஸ்டோர் என்றே எழுதட்டும், அங்கே அதுதான் சரி. அம்மாயியோடு பேசும்போது இஸ்டோரு என்றே சொல்லட்டும். நீங்கள் ஒருநாள் அந்த ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், இந்தப் பக்கத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.