நோயாளி 'பாஸ் அவுட்' என்றால் எந்தக் காலேஜ் என்று கேட்காதீர்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து போவதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குத் தயாராகிறேன். பயிற்சியில் நோயாளியாக நடித்தவர் 'ஐ கீப் பிரிங்கிங் எவ்ரிதிங் அப்' என்றார். எனக்குப் பிள்ளை வளர்ப்புதான் நினைவுக்கு வந்தது. கோ, கம், ரன், பாஸ், த்ரோ என்று எதை எடுத்தாலும் பத்துப் பொருள் இருக்கிறது. 3000 தொடர்கள் உள்ள புத்தகத்தை மனப்பாடம் செய்தால்தான் எல்லாத் தாளிலும் 'பி' கிரேடு வரும் என்கிறார்கள் கோச்சிங் சென்டரில். புத்தகமும் வகுப்பும் சேர்த்து 8000 ரூபாய். சேரலாமா?

பதில்: வேண்டாம். 8000 ரூபாய் அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் அந்தப் புத்தகம் உங்களுக்கு உதவாது.

ஆக்ஸ்போர்டு பேரகராதியில் 'ரன்' என்ற ஒரு வினைக்கே 600க்கு மேல் பொருள் பிரித்து வைத்திருக்கிறார்கள். லண்டனில் பிறந்தவர்கூட அதை மனப்பாடம் செய்ததில்லை. உங்களுக்கு வேண்டியது நாலே நாலு. 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்றால் மூக்கு ஒழுகுகிறது. 'தி ரன்ஸ்' வயிற்றுப்போக்கு. 'ரன் அவுட் ஆஃப் டேப்லெட்ஸ்' என்றால் மாத்திரை தீர்ந்துவிட்டது. கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, துணியில் சாயம் போவது இவற்றுக்கும் 'ரன்' உண்டுதான். வார்டில் அதற்கு என்ன வேலை?

நம் ஊர்ப் பாட்டி "நேத்திலேர்ந்து வயிறு போகுது, ரெண்டு தடவை எடுத்துட்டேன், மூச்சு வாங்குது" என்று சொன்னால், வயிறு எங்கே போகிறது, எதை எடுத்தார், என்ன விலைக்கு வாங்கினார் என்று நீங்கள் கேட்பதில்லை. பக்கத்தில் இருக்கும் சொல்லை வைத்துப் புரிந்துகொள்கிறீர்கள். தொல்காப்பியர் இதற்கு 'வினைவேறு படூஉம் பலபொருள் ஒருசொல்' என்று பெயரே வைத்துவிட்டார். மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. அங்கே வினை பெயரைக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் வரும் அப், அவுட், ஆஃப், டவுன் போன்ற குட்டிச் சொற்களும், எதைப் பற்றிய பேச்சு என்பதும் வினையைக் காட்டிக்கொடுக்கின்றன.

அதனால் அகரவரிசையை விட்டுவிட்டு, நோயாளியின் தொந்தரவை வைத்து நோட்டுப் போடுங்கள். வாந்திப் பக்கத்தில் 'த்ரோ அப்', 'பிரிங் அப்'. சாப்பிட்டது வயிற்றில் நிற்கவில்லை என்பதற்கு 'கான்ட் கீப் எனிதிங் டவுன்'. சளியைக் காறித் துப்புவதும் 'பிரிங் அப்'தான், என்ன வருகிறது என்று கேட்டால் தெரிந்துவிடும். வலி விட்டு விட்டு வந்தால் 'கம்ஸ் அண்ட் கோஸ்', மருந்தின் வேகம் இறங்கினால் 'வேர் ஆஃப்', வீக்கம் வடிந்தால் 'கோ டவுன்', முதுகு பிடித்துக்கொண்டால் 'புட் மை பேக் அவுட்'. மயக்கம் தெளிவது 'கம் ரவுண்ட்'. மொத்தமே சில பக்கங்கள்தான் வரும்.

'பாஸ்' பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 'பாஸ் வாட்டர்' சிறுநீர் கழிப்பது. 'பாஸ் விண்ட்' காற்றுப் பிரிவது. வயிற்று ஆபரேஷன் ஆனவரிடம் நீங்கள் தினமும் கேட்கப்போகிற கேள்வி. 'பாஸ் எ ஸ்டோன்' கல் வெளியே வருவது. 'பாஸ் அவே' இறந்துபோவது. 'பாஸ் அவுட்' மயங்கி விழுவது. இந்தியாவிலோ 2019இல் காலேஜ் 'பாஸ் அவுட்' ஆனேன் என்கிறோம். உங்கள் பயோடேட்டாவிலும் அப்படித்தான் இருக்கும், இன்றைக்கே 'கிராஜுவேட்டட்' என்று மாற்றிவிடுங்கள். இதற்காக அதை இந்தியர்களின் பிழை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பரங்கிமலை ராணுவப் பயிற்சி அகாடமியில் நடப்பதும் 'பாஸிங் அவுட்' அணிவகுப்புதான். இங்கிலாந்திலும் ராணுவம், போலீஸ், தீயணைப்புப் படை எல்லாம் பயிற்சி முடிவதை அப்படியே சொல்கின்றன. ஆகவே ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் '1975இல் பாஸ் அவுட் ஆனேன்' என்றால் அது மயக்கமாக இருக்காது. நேற்று பாத்ரூமில் என்றால் மயக்கம்தான். சந்தேகம் வந்தால் 'டு யூ மீன் யூ ஃபெயின்டட்?' என்று கேட்டுவிடுங்கள்.

கேட்டால் மார்க் போய்விடும் என்று சில சென்டர்களில் பயமுறுத்துகிறார்கள். சுத்தப் பொய். ஸ்பீக்கிங் தேர்வில் இரண்டு ரோல் பிளே, ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். நோயாளி தெளிவில்லாமல் சொன்னதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதும் மதிப்பீட்டில் சேர்ந்ததுதான். எதிரே உட்கார்ந்து நடிப்பவர் மார்க்கும் போடுவதில்லை. ஒலிப்பதிவைக் கேட்டு வேறு ஆட்கள் போடுகிறார்கள்.

இன்னொரு பொறி, ரைட்டிங் தாளில் இந்தத் தொடர்களை அள்ளிப் போட்டால் 'நேட்டிவ்' ஆகத் தெரியும் என்பது. அங்கே நீங்கள் எழுதுவது பெரும்பாலும் இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ அனுப்பும் கடிதம். நோயாளி 'த்ரோ அப்' என்பார், நீங்கள் 'வாமிட்டட்' என்று எழுத வேண்டும். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும் லத்தீனும் அதிகாரத்துக்கும் படிப்புக்கும் போயின, பழைய குட்டி வினைகள் வீட்டுப் பேச்சில் தங்கிவிட்டன. வாயால் பேசும்போது 'த்ரோ அப்', கடிதத்தில் லத்தீன் வழி வந்த 'வாமிட்'.

அப்புறம், எல்லாத் தாளிலும் 'பி' என்பதும் தவறு. பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்எம்சிக்கு லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங்கில் 'பி', அதாவது 350 வேண்டும். ரைட்டிங்கில் 'சி பிளஸ்', 300 போதும். இதைச் சொன்னால் ரைட்டிங் பேட்ச் நிரம்பாது, அதனால் சொல்வதில்லை. மாதிரித் தேர்வுகள் ஓஇடி தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன.

பி.எஸ்ஸி நர்சிங் முதல் செமஸ்டரில் 'கம்யூனிகேடிவ் இங்கிலீஷ்' என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். நோயாளி எப்படிப் பேசுவார் என்று அந்த வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தால் இத்தனை சென்டர்களுக்கு வேலையே இருக்காது. காலேஜ் வாங்கிய பணம் போதாதென்று வெளியிலும் கட்ட வேண்டியிருக்கிறது.

சென்டர்காரரே வேலையும் வாங்கித் தருகிறேன் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். வெளிநாட்டு மருத்துவப் பணியாளர்களை எடுப்பதற்கான பிரிட்டனின் நடத்தை விதிப்படி, அங்கே ஆள் எடுக்கும் ஏஜென்சி உங்களிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. விதியை ஏற்ற ஏஜென்சிகளின் பட்டியல், அங்குள்ள அரசு மருத்துவச் சேவையைச் சேர்ந்த என்எச்எஸ் எம்ப்ளாயர்ஸ் அமைப்பின் தளத்தில் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டப்படியோ, பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. பதிவு எண்ணைக் கேளுங்கள், வெளியுறவு அமைச்சகத்தின் ஈ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். எண் கொடுக்கத் தயங்கினால் சான்றிதழ்களைக் கையில் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.